குற்றம் குறைந்த ஊர் எது?

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கை வந்த மறுநாள் பத்திரிகைகளில் ஒரு பட்டியல் போடுவார்கள். இந்தியாவில் பாதுகாப்பான நகரம் எது, ஆபத்தான நகரம் எது. 2021, 2022 ஆகிய இரண்டு வருஷத்து அறிக்கைகளிலும் பெருநகரங்களில் கொல்கத்தாவுக்குத்தான் நல்ல பெயர். 20 லட்சத்துக்கு மேல் ஜனத்தொகை உள்ள 19 நகரங்கள் மட்டும் ஓடும் பந்தயம் இது. நம் மாநிலத்திலிருந்து சென்னையும் கோயம்புத்தூரும் ஓடுகின்றன. நாகர்கோவில் 2019-ல்தான் மாநகராட்சி ஆனது. அதற்குள் கிடக்கும் கோட்டாறு இந்தக் கணக்குக்குள் வரவே வராது.

வட மாவட்டத்தில் ஆசிரியராக இருக்கும் தோழர் ஒருவருக்கு இடமாறுதல் வருகிறது. திருநெல்வேலிப் பக்கமா, நாகர்கோவில் பக்கமா என்று தேர்ந்தெடுக்கிற வாய்ப்பு இருக்கிறது. இரண்டு பெண் பிள்ளைகள். "எங்க குற்றம் கம்மின்னு ஒரு புள்ளிவிவரம் எடுத்துக் குடுங்களேன் தோழர், கோட்டாறு எப்படி?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். வாடகை, தண்ணீர், பள்ளிக்கூடம் பார்க்கிற மாதிரி இதையும் பார்க்கத்தான் வேண்டும். எடுத்துக் கொடுக்க உட்கார்ந்தது இந்தக் கட்டுரையாகிவிட்டது.

குற்ற விகிதம் என்பது ஒரு லட்சம் பேருக்கு எத்தனை வழக்கு என்கிற எண். வழக்கு என்றால் காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கை போட்டது. நடந்தது வேறு, எழுதியது வேறு. ஒரே சம்பவத்தில் பல குற்றங்கள் இருந்தால் பெரிய குற்றம் எதுவோ அதை மட்டும் எண்ணுவது காப்பகத்தின் முறை. அடித்து, வைது, வீட்டைக் கொளுத்தி, ஆளையும் கொன்றால் கணக்கில் ஒரு கொலை. போலீஸ் கணக்கு ஏறுவதாலேயே குற்றம் பெருகிவிட்டது என்று முடிவுகட்டக் கூடாது என்று காப்பகமே தன் அறிக்கையில் எச்சரிக்கை எழுதி வைத்திருக்கிறது. பத்திரிகைக்காரர்கள் அந்தப் பக்கத்தைப் படிப்பதில்லை.

எழுதுவது எப்படி நடக்கிறது என்று நம் ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இருந்தாலும் மாணவர்கள் படிக்கிறார்கள் என்பதால் சொல்கிறேன். மனுவை எடுத்துக்கொண்டு போனால் முதலில் உட்காரச் சொல்ல மாட்டார்கள். பிறகு "ரெண்டு தரப்பையும் கூப்பிட்டுப் பேசி முடிச்சிரலாம்" என்பார்கள். பிடிவாதமாக நின்றால் சி.எஸ்.ஆர். என்று ஒரு சீட்டு கிடைக்கும். அது ரசீது; வழக்கு இல்லை; ஆண்டறிக்கையில் ஏறாது. அதற்கும் மேலே நின்றால் எதிர்த்தரப்பிடம் ஒரு மனு வாங்கி, கவுண்டர் கேஸ் தயாராகும். அப்போது நம் பையன்களும் குற்றவாளிகள். சாதி மறுத்துக் காதலித்தவன் தண்டவாளத்தில் கிடந்தால் சந்தேக மரணம் என்று ஒரு பிரிவு இருக்கவே இருக்கிறது. கைது செய்யத்தக்க குற்றம் என்று தெரிந்தால் முதல் தகவல் அறிக்கை போட்டே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் லலிதா குமாரி வழக்கில் 2013 நவம்பர் 12-ல் தீர்ப்புச் சொன்னது. தீர்ப்பின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு நானும் ஒரு நிலையத்தின் வேப்பமரத்தடியில் ராத்திரி பதினொரு மணி வரைக்கும் நின்றிருக்கிறேன். சி.எஸ்.ஆர்.தான் கிடைத்தது. கூட வந்த கிழவி சொன்னாள்: "அவன் எழுதணும்லா மக்கா. எழுதலேன்னா நடக்கலேன்னு ஆயிரும். வா, வீட்டுக்குப் போவோம், காலைல வேலைக்குப் போணும்."

இனி எண்ணுக்கு வருவோம். 2021-ல் இந்தியா முழுக்கத் தாழ்த்தப்பட்டோர் மீதான குற்றங்கள் என்று பதிவானவை 50,900. ஒரு லட்சம் தாழ்த்தப்பட்டோருக்கு 25.3. தமிழ்நாட்டில் 1,377 வழக்கு, விகிதம் 9.5. கேரளத்தில் 948 வழக்கு; விகிதம் 31.2. எண்களை அப்படியே நம்பினால் களியக்காவிளைச் சோதனைச் சாவடிக்கு அந்தப் பக்கம் போகிற தலித்துக்கு ஆபத்து மூன்று மடங்காகிறது. இந்தப் பக்கம், பெரியார் பிறந்த மண்ணில், இந்திய சராசரியில் பாதிகூட இல்லை. மேலவளவும் கொடியங்குளமும் நடந்த மாநிலத்தில் இருந்துகொண்டு இதை எப்படி நம்புவது?

கேரளத்தில் சாதி இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. முத்தங்காவும் செங்கறையும் அங்கேதான். ஆனால் அங்கே மனு எழுதத் தெரிந்தவர்கள் அதிகம். எழுதிக் கொடுத்ததை வாங்காத ஏட்டைக் கேள்வி கேட்கக் கட்சிக்காரன் ஒருவன் இருப்பான். பொதுவான குற்ற விகிதத்திலும் கேரளம் எப்போதும் மேல்வரிசைதான். 2010-ல் நாட்டின் பெருநகரங்களிலேயே அதிக விகிதம் கொச்சிக்கு. கொச்சிக்குக் குடிபோகப் பயந்தவர்கள் யாரையும் நான் பார்த்ததில்லை. ஆகவே உயர்ந்த விகிதம் பல சமயம் அந்த ஊரில் புகார் எடுபடுகிறது என்பதற்கும், தாழ்ந்த விகிதம் வாய் மூடப்பட்டிருக்கிறது என்பதற்கும் அடையாளமாகலாம். ஆகலாம் என்றுதான் சொல்கிறேன். எல்லா இடத்திலும் அப்படித்தான் என்று திருப்பிப் போட்டால் அதுவும் சோம்பேறித்தனம்தான்.

குமரி மாவட்டத்துக்கு இன்னொரு சிக்கல் உண்டு. 2011 கணக்கெடுப்பில் இந்த மாவட்டத்தின் ஜனத்தொகை 18.7 லட்சம். தமிழ்நாட்டில் தாழ்த்தப்பட்டோர் நூற்றுக்கு 20. இங்கே நூற்றுக்கு 4 பேர்தான், முக்கால் லட்சத்தை ஒட்டி. பத்து வழக்குப் பதிவானால் மாவட்ட ஜனத்தொகைக்கு வகுத்தால் லட்சத்துக்கு 0.5, தாழ்த்தப்பட்டோர் தொகைக்கு வகுத்தால் 13-க்கு மேல், மாநில சராசரியைத் தாண்டிவிடும். ஒரே பத்து வழக்குதான். "நம்ம மாவட்டத்துல சாதிப் பிரச்சினையே கிடையாது, அதெல்லாம் திருநெல்வேலியிலதான்" என்று கோட்டாறு டீக்கடைகளில் பெருமையாகச் சொல்கிறவர்கள் எதை எதால் வகுத்தோம் என்று யோசிப்பதில்லை. நூற்றுக்கு நாலு பேர், அதுவும் சிதறிக் கிடக்கிறவர்கள், எதிர்த்துப் பேசினால்தானே கலவரம் வரும்.

வரலாற்றுக்குப் போகாமல் இதைப் புரிந்துகொள்ள முடியாது. எது குற்றம் என்று யார் எழுதினார்கள்?

கோட்டாறு பழைய சந்தை ஊர். சோழர் காலக் கல்வெட்டுகளில் மும்முடிச்சோழநல்லூர் என்று இதற்குப் பெயர். கம்போளத்தில் நெல்லும் துணியும் உப்பும் கைமாறின. மனுசரும் கைமாறினார்கள். அழகியபாண்டிபுரம் முதலியார் வீட்டு ஓலைகளைக் கவிமணி தேடிப் படித்தார், பிற்பாடு அ.கா. பெருமாள் பதிப்பித்தார். அந்த ஓலைகளுக்குள் அடிமை விற்பனை ஆவணங்களும் கிடக்கின்றன. நாஞ்சில் நாட்டு வயலை விற்றால் வயலோடு சேர்த்துப் பறையரும் பள்ளரும் புலையரும் போவார்கள். 1812-ல் திருவிதாங்கூர் அரசு அடிமை வாங்கல் விற்றலைத் தடை செய்து ஒரு விளம்பரம் போட்டது. நிலத்தோடு கட்டப்பட்ட பயிர்த்தொழில் அடிமைகளுக்கு அது பொருந்தாது என்று அதிலேயே விலக்கும் வைத்தது. அதாவது நம் ஆட்களுக்குப் பொருந்தாது. 1836-ல் எடுத்த கணக்கில் திருவிதாங்கூரின் ஜனத்தொகை 12,80,668. அதில் அடிமைகள் 1,64,864. எட்டுப் பேருக்கு ஒருவர். முழுமையான விடுதலை விளம்பரம் 1855 ஜூன் 24-ல்தான் வந்தது.

எந்த ஊரில் குடியிருக்கலாம் என்று யோசிக்கிற உரிமையே நமக்கு வயது 170 வருஷந்தான் என்பதைத் தோழர் கவனிக்க வேண்டும். அதற்கு முன்னே ஊர் மாறினால் அதற்குப் பெயர் ஓட்டம். ஓடிய அடிமை குற்றவாளி. அடித்த உடமைக்காரன் சொத்தைப் பராமரித்தவன். அன்றைக்கு யாராவது நாஞ்சில் நாட்டின் குற்ற விகிதத்தைக் கணக்கிட்டிருந்தால் மிக அமைதியான தேசம் என்றுதான் வந்திருக்கும்.

அடுத்த உதாரணம் துணி. நாடார் பெண்கள் மேலே துணி போடக் கூடாது என்பதை 1829-ல் அரசு விளம்பரமே உறுதி செய்தது. மார்பை மறைத்தது குற்றம். மறைத்ததைப் பிடுங்கிக் கிழித்தது ஒழுங்கு. 1858 கடைசியிலும் 1859 தொடக்கத்திலும் நாஞ்சில் நாடு முழுக்கக் கலவரம். 1859 ஜூலை 26 விளம்பரம் நாடார் பெண்களுக்கு அனுமதி கொடுத்தபோதும், மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையை விடவில்லை. இந்தப் போராட்டத்தை இன்றைக்கு எல்லோரும் எழுதுகிறார்கள், எழுதட்டும். அதே காலத்தில் சேரிப் பெண்கள் என்ன உடுத்தினார்கள், அவர்கள் துணி கிழிக்கப்பட்டதை யார் எழுதினார்கள் என்று கேட்டால் ஆவணம் மெலிந்துவிடுகிறது. கிழிபடத் துணி வேண்டாமா என்று ஒரு பெரியம்மா என்னிடம் கேட்டாள்.

சுசீந்திரம் கோட்டாறிலிருந்து பஸ்ஸில் கொஞ்ச நேரம். அந்தக் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடப்பதற்காக 1926-ல் சத்தியாக்கிரகம் நடந்தது. நாகர்கோவில் டாக்டர் எம்.இ. நாயுடு முன்னின்றார். தெருவில் நடந்ததற்குக் கைது. கோயில் நுழைவு விளம்பரம் வர 1936 நவம்பர் 12 ஆனது. அந்தப் பத்து வருஷத்துப் பதிவேடுகளை இன்றைய முறையில் கூட்டினால் சுசீந்திரத்தில் குற்றம் பெருகியிருக்கும். 1936-க்குப் பிறகு 'குறைந்திருக்கும்'. நடந்தவர்கள் ஒன்றும் திருந்திவிடவில்லை.

கோட்டாறு சவேரியார் கோயிலுக்குப் போகிறவர்கள் ஒரு கல்லறையைப் பார்த்திருப்பார்கள். மார்த்தாண்ட வர்மாவின் ஆட்சியில் ராஜதுரோகி என்று சங்கிலி போட்டு ஊர் ஊராக எருமை மேல் ஏற்றி நடத்தி, 1752 ஜனவரி 14-ல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்ற தேவசகாயம் அங்கே அடக்கமாகியிருக்கிறார். சாதி வித்தியாசம் பாராமல் தீண்டத்தகாதோரோடு பழகியதும் அவர்மேல் கோபம் கொள்ளக் காரணம் என்பது திருச்சபை சொல்லும் வரலாறு. 2022 மே 15-ல் அவரைப் புனிதராக்கினார்கள். அதற்கு முன்பே பெயரில் ஒட்டியிருந்த 'பிள்ளை'யை வாத்திகன் எடுத்துவிட்டது. எடுத்ததற்கு இங்கே எத்தனை பேருக்கு வருத்தம் என்பது தனிக்கதை. கோட்டாறின் பேர்பெற்ற குற்றவாளி பீடத்தருகே இருக்கிறார் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இது மன்னராட்சிக் கதை, வெள்ளைக்காரன் வந்து சட்டத்தைச் சமமாக்கினான் என்று படித்தவர்கள் சிலர் சொல்வார்கள். வெள்ளைக்காரன்தான் குற்றத்தை ஊர்களோடும் பிறப்போடும் கட்டினான். 1871-ல் வந்த குற்றப்பரம்பரைச் சட்டம் 1911 திருத்தத்துக்குப் பிறகு சென்னை மாகாணத்தில் முழு வேகத்தில் ஓடியது. இன்ன ஊர், இன்ன சாதி, ராத்திரி ஸ்டேஷனில் வந்து படுக்க வேண்டும்; வெளியூர் போகச் சீட்டு வாங்க வேண்டும். கைரேகை கொடுக்க மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-ல் துப்பாக்கிச் சூடு. குறவர்கள் பட்டியலில் இருந்தார்கள். தென்னார்க்காட்டு வேப்பூர்ப் பறையர்களும் இருந்தார்கள். வேப்பூர் என்ற ஊர்ப்பெயரே குற்றத்தின் பெயராயிற்று. 1947-ல் சென்னை மாகாணத்திலும் 1952-ல் நாடு முழுவதிலும் சட்டம் ரத்தானது. இடத்தில் வழக்கமான குற்றவாளிகள் சட்டம் உட்கார்ந்துகொண்டது. இன்றைக்கும் ஒரு திருட்டு என்றால் முதல் ஜீப் எந்தத் தெருவுக்கு வருகிறது என்று பாருங்கள். ஜீப் வருகிற தெருவில் வழக்கு விழும், வழக்கு விழுந்த தெரு 'குற்றம் மிகுந்த பகுதி' ஆகும், ஆனதால் மறுபடி ஜீப் வரும். வீட்டுத் தரகர் "அந்தப் பக்கம் வேண்டாம் சார், ஏரியா சரியில்ல" என்று கையைக் காட்டுவது இந்தச் சுற்றின் கடைசிக் கண்ணி. எந்தப் பக்கம் காட்டுகிறார் என்று பார்த்தால் பெரும்பாலும் நம் தெருவாக இருக்கும்.

எண்ணுகிறவனே குற்றம் செய்தால் கணக்கு என்னாகும் என்பதற்கு வாச்சாத்தியை விடத் தெளிவான பாடம் இல்லை. 1992 ஜூன் 20. தருமபுரி மாவட்டம் அரூர் பக்கம் மலையாளிப் பழங்குடியினர் வாழும் ஊர். வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் சந்தனக் கட்டை தேடுவதாக நுழைந்தார்கள். 18 பெண்கள் வன்புணர்ச்சி செய்யப்பட்டார்கள். வீடுகளை இடித்தார்கள், கிணற்றைப் பாழாக்கினார்கள், ஆடு கோழியை அறுத்துத் தின்றார்கள். அன்றைய அரசுக் கணக்கில் ஏறியது என்ன? சந்தனக் கடத்தலுக்காக 133 பேர் கைது. அதில் 90 பெண்கள், 28 குழந்தைகள். அந்த வருஷத்துப் புள்ளிவிவரத்தைப் பார்த்து ஊர் தேர்ந்தெடுக்கிற ஒருவர் வாச்சாத்தி கடத்தல்காரர்களின் ஊர் என்றும், அதைப் போலீஸ் நன்றாக அடக்கிவிட்டது என்றும்தான் முடிவுக்கு வருவார். பழங்குடி மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் நீதிமன்றப் படி ஏறிய பிறகு, 1995-ல் மத்தியப் புலனாய்வுத் துறைக்கு வழக்குப் போனது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் வழக்கு நடக்கும்போதே செத்துப்போக, உயிரோடிருந்த 215 பேருக்கும் 2011 செப்டம்பர் 29-ல் தண்டனை. 2023 செப்டம்பர் 29-ல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 1992-ன் குற்றத்துக்கு 2011-ல் தீர்ப்பு. 1992-ன் அட்டவணையை அப்புறம் யாரும் திருத்தி அச்சிடவில்லை.

1995 ஆகஸ்ட் 31-ல் கொடியங்குளத்திலும் புகுந்தது போலீஸ்தான். வளைகுடாவிலிருந்து பிள்ளைகள் அனுப்பிய பணத்தில் வாங்கிய டி.வி., மின்விசிறி, டிராக்டர் என்று தேடித்தேடி உடைத்தார்கள். தலை நிமிர்ந்த ஊர் என்பதே கண்ணை உறுத்தியது. மேலவளவில் பஞ்சாயத்துத் தலைவர் முருகேசன் பாதுகாப்புக் கேட்டுக் கேட்டுத்தான் 1997 ஜூன் 30-ல் கொல்லப்பட்டார். கொலை கணக்கில் ஏறும். அதற்கு முன்னால் மாதக்கணக்கில் ஊரில் நிலவிய அமைதியும் ஏறும், அமைதி என்றே.

சரி, தோழர் எந்த ஊரில் வீடு பார்ப்பது? குற்ற விகிதம் குறைந்த ஊரில் அவருக்கு வீடு கிடைக்குமா என்பது அதற்கு முந்தைய கேள்வி. அம்பேத்கர் 1917-ல் பரோடா சமஸ்தானத்து உத்தியோகத்துக்குப் போனபோது தங்க இடமில்லாமல் பார்சி விடுதியில் பெயரை மறைத்துத் தங்கினார். தடியோடு கூட்டம் வந்து வெளியேற்றியது. கொலம்பியாவில் படித்தவர் பரோடா பூங்கா மரத்தடியில் உட்கார்ந்து அழுதார். அது எந்தப் போலீஸ் கணக்கிலும் இல்லை. அவரே எழுதியதால் நமக்குத் தெரியும். 2012-ல் சுக்தேவ் தோராட் குழுவினர் டில்லி வட்டாரத்தில் வாடகைக்கு வீடு கேட்டுத் தொலைபேசியில் சோதித்தபோது, தலித் பெயர் சொன்னவர்களில் பத்துக்கு நான்கு பேருக்கு மறுப்போ கூடுதல் நிபந்தனையோதான் பதில். கோட்டாறில் தொலைபேசி தேவையில்லை. "நீங்க எந்த ஊரு, அங்க எந்தத் தெரு, கோயிலா சர்ச்சா, சர்ச்னா சி.எஸ்.ஐ.யா ஆர்.சி.யா" என்று நாலாவது கேள்வியில் கண்டுபிடித்துவிடுவார்கள். "கறி சமைப்பீங்களா" என்று கேட்பது நாகரிகமான வகை.

இதனால்தான் 1942 ஜூலையில் நாக்பூரில் கூடிய தாழ்த்தப்பட்டோர் மாநாடு தனிக் குடியிருப்பு, தனி கிராமங்கள் வேண்டும் என்று தீர்மானம் போட்டது. 1947-ல் 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' அறிக்கையில் அம்பேத்கர் அதற்கென்று குடியமர்த்தும் ஆணையமே கேட்டார். பிரிவினைவாதம் என்று அன்றைக்கும் சொன்னார்கள், இன்றைக்கும் சொல்வார்கள். ஊரும் சேரியும் பிரிந்து கிடப்பதை மட்டும் யாரும் பிரிவினை என்று சொல்வதில்லை. அந்தக் கோரிக்கையில் எனக்குத் தயக்கமும் உண்டு: தனி ஊருக்கும் வெளியே வேலைக்கு, சந்தைக்கு, பள்ளிக்கூடத்துக்கு நடக்கத்தானே வேண்டும், பாதை யாருடையது?

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 1995 விதிகளில் 3-ஆவது விதி ஒன்று இருக்கிறது. வன்கொடுமை நடக்கக்கூடிய இடங்களை மாநில அரசு முன்கூட்டியே அடையாளம் காண வேண்டும். தேவையானால் அங்கே துப்பாக்கி உரிமங்களை ரத்து செய்ய வேண்டும். ஊர் தேர்ந்தெடுக்க நமக்கென்று சட்டமே போட்டுக் கொடுத்த வரைபடம் இது. பத்திரிகைகளின் பாதுகாப்பான நகரப் பட்டியலில் இதை யாரும் சேர்ப்பதில்லை.

தோழருக்கு நான் எழுதிய பதிலில் விகிதம் எதுவும் இல்லை. வீடு பார்க்கப் போகும்போது நாலு இடத்தில் விசாரியுங்கள் என்று எழுதினேன். அந்தத் தெருவில் நம் ஆட்கள் யாராவது சொந்த வீட்டில் இருக்கிறார்களா. சுடுகாட்டுக்குப் போகிற வழியில் தகராறு உண்டா. கொடை, திருவிழா சமயத்தில் வரி வாங்குவார்களா, வாங்கினால் முதல் மரியாதைப் பட்டியலில் எங்கே நிறுத்துவார்கள். கடைசியாக நடந்த அடிதடிக்கு ஸ்டேஷனில் எழுதினார்களா, பேசி முடித்தார்களா. ராத்திரி டியூஷன் முடிந்து வருகிற பெண்பிள்ளைகளுக்குத் தெருவிளக்கு எரிகிறதா என்பதையும் சேர்த்துத்தான் எழுதினேன். திருடனுக்கும் பொறுக்கிக்கும் சாதி பார்த்து விலக்குக் கிடையாது. கோட்டாறில் ரயில் நிலையம் பக்கம், ஆஸ்பத்திரிகள் பக்கம், கடைவீதியில் எந்நேரமும் ஆள் நடமாட்டம். அது ஒரு சவுகரியம். சந்தை ஊரில் நாலு சாதி நாலு மதம் கலந்து புழங்குவதால் கிராமத்தைவிடக் கொஞ்சம் மூச்சுவிடலாம் என்பது என் அனுபவம்.

இதோடு எங்கள் படிப்பு வட்டத்து நண்பர்கள் சேர்ந்து தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு தயார் செய்திருக்கிறோம். இரண்டு மாவட்டத்துக்கும் ஒரே மாதிரி மனு, கடந்த பத்து வருஷத்துக்கு: காவல் நிலையவாரியாகத் தாழ்த்தப்பட்டோர் கொடுத்த மனுக்கள் எத்தனை, சி.எஸ்.ஆர். போட்டது எத்தனை, முதல் தகவல் அறிக்கை ஆனது எத்தனை, அதில் எதிர்வழக்கு உள்ளவை எத்தனை, 3-ஆவது விதிப்படி அடையாளம் கண்ட ஊர்கள் எவை, கடமை தவறிய அதிகாரி மீது 4-ஆவது பிரிவில் எடுத்த நடவடிக்கை எத்தனை. தோழரும் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறார். முகவரி என்ற இடத்தை மட்டும் இப்போதைக்குக் காலியாக விட்டிருக்கிறார்.